சின்ன டார்ச்சில் 3.7 வோல்ட் செல் போடுவது எப்படி: 14500 லித்தியம் அயான் முழுமையான வழிகாட்டி

பென்டார்ச் பேட்டரி என்று கடையில் கேட்டு வாங்குகிற ஏஏ செல்லையும், 14500 என்று அச்சிட்ட லித்தியம் அயான் செல்லையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் உருவத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் விட்டம், 50 மில்லிமீட்டர் நீளம். வோல்டேஜ்தான் வேறு. ஆல்கலைன் செல் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செய்கிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட். 14500 செல் சராசரியாக 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வோல்ட். அதே டார்ச்சுக்குள், அதே ஸ்பிரிங்கின் மேல், மூன்று மடங்கு வோல்டேஜ் போய் உட்காருகிறது.

போட்டால் என்ன ஆகும்? சில டார்ச்சில் வெளிச்சம் பல மடங்கு கூடும், எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். சிலதில் லோ, மீடியம், ஹை என்ற வித்தியாசமே போய்விடும், டார்ச் கொதிக்கும். சிலது ஒரு நொடி பளிச்சென்று எரிந்து அதோடு முடிந்துவிடும். எது நடக்கும் என்பதை செல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. டார்ச்சுக்குள் இருக்கிற டிரைவர் சர்க்யூட் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. செல் வாங்குவது அதற்கு அப்புறம்தான்.

தேவைதானா என்று முதலில் பாருங்கள்

14500 போட்டால் டார்ச் அதிக நேரம் எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. நல்ல 14500 செல்லின் கொள்ளளவு 800 மில்லிஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்வோம். 3.7 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 3 வாட் மணி. நல்ல நிக்கல் ஏஏ செல் 1900 முதல் 2000 மில்லிஆம்பியர் மணி. 1.2 வோல்ட்டால் பெருக்கினால் 2.3 அல்லது 2.4 வாட் மணி. சேமித்து வைத்திருக்கிற சக்தியில் பெரிய இடைவெளி இல்லை.

வித்தியாசம் அந்த சக்தியை எவ்வளவு வேகமாகக் கொடுக்க முடியும் என்பதில் இருக்கிறது. 1.2 வோல்ட் செல்லிலிருந்து 5 வாட் எடுக்க வேண்டுமானால் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். சின்ன டார்ச்சின் ஸ்பிரிங்கும் சுவிட்ச்சும் அதற்குத் தாங்காது. 3.7 வோல்ட்டில் அதே 5 வாட்டுக்கு 1.4 ஆம்பியர் போதும். அதனால்தான் விரல் நீள டார்ச்கூட 14500 போட்டால் கண்ணைக் கூசுகிற வெளிச்சம் கொடுக்கிறது. ஆனால் அப்படி இழுத்தால் 800 மில்லிஆம்பியர் மணி செல் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். வெளிச்சம் நான்கு மடங்கானால், எட்டுகிற தூரம் இரண்டு மடங்குதான் ஆகும். தூரம் கூடக் கூட வெளிச்சம் அதன் வர்க்கத்தில் குறைவதால் வருகிற கணக்கு இது. கண்ணும் அப்படித்தான், நான்கு மடங்கு வெளிச்சத்தை அது நான்கு மடங்காக உணராது. கரன்ட் போனால் வீட்டுக்குள் நடக்க, சாமான் அறையில் பொருள் தேட, வண்டியின் அடியில் பார்க்க என்றால் நிக்கல் செல்லே போதும். என் கருத்தில், பெரும்பாலான வீடுகளுக்கு அதுதான் சரியான செல். அது தீப்பிடிக்கிற வகையில்லை, ஆல்கலைன் செல் போல அடிக்கடி கசிந்து டார்ச்சைக் கெடுப்பதும் இல்லை. தோட்டம், வயல், மலைப்பாதை, இரவு ரோந்து என்று தூரம் வேண்டியவர்களுக்கே 14500 உண்மையில் பயன்படும்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

உருளை லித்தியம் செல்களின் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் விட்டம், அடுத்த இரண்டு நீளம், கடைசிப் பூஜ்யம் உருளை வடிவம். 14500 ஏஏ அளவு. 10440 ஏஏஏ அளவு. 16340 என்பது கேமராக்களில் போடுகிற சிஆர்123 அளவு. 18650 இவற்றைவிடப் பெரியது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். பழைய லேப்டாப் பேட்டரிகளுக்குள் இருந்தது பெரும்பாலும் இதுதான்.

அளவு ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கிற ரசாயனம் வேறாக இருக்கலாம். இங்கேதான் கடைகளில் குழப்பம் அதிகம். 14500 என்ற அதே எண்ணில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லும் வருகிறது. அது 3.2 வோல்ட், முழு சார்ஜில் 3.6 வோல்ட். தோட்டத்தில் குத்தி வைக்கிற சோலார் விளக்குகளில் இருப்பது பல நேரம் இந்த வகைதான். இதை 4.2 வோல்ட் சார்ஜரில் போட்டால் செல் கெடும். லேபிளில் 3.2 வோல்ட் என்று இருக்கிறதா, 3.7 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

அப்புறம், 1.5 வோல்ட் லித்தியம் என்று ஒரு வகை உண்டு. உள்ளே லித்தியம் அயான் செல்லும், அதன் வோல்டேஜை 1.5 ஆகக் குறைத்துக் கொடுக்கிற சின்ன சர்க்யூட்டும் சேர்ந்தே இருக்கும். சிலதில் சார்ஜ் செய்ய யூஎஸ்பி துளையும் இருக்கும். இது சாதாரண ஏஏ செல்லுக்கு மாற்று. ரிமோட், பொம்மை, கடிகாரம் என்று எதில் போட்டாலும் வோல்டேஜ் பிரச்சினை வராது. இந்தக் கட்டுரை இதைப் பற்றியது இல்லை. நிக்கல் துத்தநாக செல் 1.6 வோல்ட் கொடுக்கும். அதற்குத் தனி சார்ஜர் வேண்டும். டார்ச்சுக்கு அதனால் பெரிய ஆதாயம் இல்லை என்பதால் அதையும் விட்டுவிடுகிறேன்.

டிரைவர் என்ன செய்கிறது

வெள்ளை எல்இடி எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். ஒரே ஒரு ஏஏ செல்லிடம் இருப்பது 1.2 முதல் 1.5 வோல்ட். நேராக இணைத்தால் எல்இடி மினுக்கக்கூட மினுக்காது. அதனால் ஒரு செல் டார்ச் எல்லாவற்றிலும் வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கிற பூஸ்ட் சர்க்யூட் இருக்கும். அதில் ஒரு காயில், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு டயோடு. டிரான்சிஸ்டர் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடும். மூடியிருக்கும்போது, அதாவது சுவிட்ச் போட்ட நிலையில், காயிலில் கரன்ட் ஏறும். திறந்தவுடன் காயில் தன்னிடம் சேர்ந்த சக்தியை செல்லின் வோல்டேஜோடு சேர்த்து டயோடு வழியாக எல்இடிக்குத் தள்ளும்.

இந்த அமைப்பில் ஒன்றைக் கவனியுங்கள். செல்லிலிருந்து காயில், டயோடு, எல்இடி என்று ஒரு நேர்வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. செல் 1.5 வோல்ட்டாக இருக்கும்வரை அந்த வழியில் எதுவும் தானாகப் போகாது, ஏனென்றால் எல்இடிக்கு அது போதாது. 4.2 வோல்ட் செல்லைப் போட்டவுடன் நிலைமை மாறுகிறது. வாசலில் காவல்காரர் இருந்தும் பின்பக்கச் சுவர் இடிந்துகிடக்கிற வீடு போல, சர்க்யூட் எதைக் கட்டுப்படுத்தினாலும் கரன்ட் நேர்வழியில் பாய்ந்துவிடும். அதைத் தடுப்பது கம்பி, ஸ்பிரிங், செல் இவற்றின் மின்தடையும் டயோடில் விழுகிற சின்ன வோல்டேஜும் மட்டும்தான். லோ மோடு காணாமல் போவதற்கும் டார்ச் கொதிப்பதற்கும் இதுதான் காரணம்.

சில டிரைவர்களில் இருக்கிற சிப்பே 4.2 வோல்ட்டைத் தாங்காது. அந்த டார்ச்தான் பளிச்சென்று எரிந்து சாகும்.

ஏஏ செல்லுக்கும் 14500க்கும் சேர்த்தே வடிவமைத்த டிரைவரில், செல் 1.5 வோல்ட் பக்கம் இருந்தால் ஏற்றிக் கொடுக்கவும், 3.7 வோல்ட் பக்கம் இருந்தால் கரன்ட்டைக் குறைத்துக் கொடுக்கவும் தனி ஏற்பாடு இருக்கும். மோடுகள் எல்லாம் இருக்கும், சூடானால் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிற வசதியும் பலதில் இருக்கும். சோஃபிர்ன் எஸ்பி10 ப்ரோ, ஸ்கில்ஹன்ட் எம்150 போன்ற டார்ச்கள் இந்த வகை. புதிதாக வாங்கப் போகிறவர்கள் இப்படி இரண்டையும் ஏற்கிற டார்ச்சைத் தேடி வாங்கிவிட்டால் கீழே சொல்கிற சோதனைகளில் பாதி தேவைப்படாது.

உங்கள் டார்ச் எந்த வகை?

முதல் வேலை, டார்ச்சோடு வந்த காகிதத்தை எடுத்துப் படிப்பது. அதில் வேலை செய்யும் வோல்டேஜ் 0.9 முதல் 4.2 வரை என்றோ, ஏஏ மற்றும் 14500 என்றோ தெளிவாக எழுதியிருந்தால் சரி. 0.9 முதல் 1.5 என்றோ, 14500 போடக் கூடாது என்றோ இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த எச்சரிக்கையைத் தயாரிப்பாளர் சும்மா போடுவதில்லை.

காகிதம் தொலைந்துவிட்டதா? டார்ச்சின் மாடல் பெயரைத் தேடி அதன் விவரப் பட்டியலைப் பாருங்கள். அங்கே ஏஏ செல்லில் இத்தனை லுமென் (வெளிச்சத்தை அளக்கிற அலகு), 14500இல் இத்தனை லுமென் என்று இரண்டு வரி தனித்தனியாக இருந்தால் அது நல்ல அடையாளம். பெயரே இல்லாத டார்ச்சாக இருந்தால், விற்பவர் எழுதியிருக்கிற '14500 போடலாம்' என்ற வரியை அப்படியே நம்ப வேண்டாம். போடலாம் என்றால் எரியும் என்பது மட்டும்தான் அங்கே அர்த்தம். எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டில் என்று யாரும் சொல்வதில்லை.

மல்டிமீட்டர் இருந்தால் நீங்களே அளந்து பார்க்கலாம். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, டயலை டிசி ஆம்பியருக்கு வையுங்கள். டார்ச்சில் முதலில் நிக்கல் ஏஏ செல்லைப் போட்டு, சுவிட்ச் பின்மூடியில் இருக்கிற டார்ச்சாக இருந்தால் அந்த மூடியைக் கழற்றிவிடுங்கள். ஒரு முனையை செல்லின் அடியிலும், இன்னொன்றை டார்ச்சின் உடம்பில் பெயின்ட் இல்லாத விளிம்பிலும் வைத்தால் மூடி செய்கிற வேலையை மீட்டர் செய்யும், டார்ச் எரியும், கரன்ட் தெரியும். சுவிட்ச் தலைப்பக்கம் இருந்தால் மீட்டரைத் தொட்ட பிறகு சுவிட்ச்சை அழுத்துங்கள். ஹை மோடில் 1 முதல் 2 ஆம்பியர், லோ மோடில் அதைவிட மிகக் குறைவு என்று வரும். இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அளந்து முடித்ததும் சிவப்பு ஒயரைப் பழைய துளைக்கே மாற்ற மறக்காதீர்கள். ஆம்பியர் துளையில் இருக்கும்போது யாராவது அதை வைத்து செல்லின் வோல்டேஜை அளந்தால் செல் ஷார்ட் ஆகும். லித்தியம் செல் ஷார்ட் ஆவது விளையாட்டில்லை.

செல் வாங்குவது

14500 என்ற அளவுக்குள் அடைக்கக்கூடிய கொள்ளளவுக்கு எல்லை உண்டு. 750 முதல் 1000 மில்லிஆம்பியர் மணி வரை என்றால் நம்பலாம். லேபிளில் 2000, 2800 என்று இருந்தால் பொய். எண்ணிலேயே பொய் சொல்கிறவர்கள் உள்ளே வைத்திருக்கிற பாதுகாப்பில் உண்மையாக இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. 18650க்கும் இதே விதிதான். நல்ல செல் 3500 பக்கம் நிற்கும், 9900 என்று அச்சிட்டு விற்பது மோசடி. எடையும் ஒரு சோதனை. நல்ல 14500 செல் 20 கிராம் பக்கம் இருக்கும். கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி லேசாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது, பாதுகாப்பு சர்க்யூட் உள்ள செல்லா, இல்லாததா என்பது. பாதுகாப்பு உள்ளதில் செல்லின் அடிப்பக்கத்தில் காசு வடிவில் ஒரு சின்ன போர்டு இருக்கும். வோல்டேஜ் 2.5 அல்லது 2.8 வரை இறங்கினால் அதுவே தொடர்பை வெட்டிவிடும். ஷார்ட் ஆனாலும், அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலும் வெட்டும். இந்தப் போர்டால் செல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமாகிவிடும். சில குட்டி டார்ச்சுக்குள் அது நுழையாது, அல்லது மூடி முழுதாகத் திருகாது. அளந்து பார்த்து வாங்குங்கள். ஏஏ டார்ச்சில் போடப் போகிற செல் என்றால் பாதுகாப்பு உள்ளதையே வாங்கச் சொல்வேன். காரணம் பின்னால் வருகிறது.

மேல்முனை தட்டையாக இருக்கிறதா, பொட்டு வைத்த மாதிரி எழும்பி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். செல்லைத் தலைகீழாகப் போட்டால் ஆபத்து வராமல் இருக்க, பல டார்ச்களில் பாசிட்டிவ் தொடர்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்திருப்பார்கள். தட்டை முனை செல் அந்த வளையத்தைத் தாண்டித் தொடாது, டார்ச் எரியாது. டார்ச் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அந்த இடைவெளியை நிரப்ப ஈயம் வைத்துப் பற்றவைக்கவும் வேண்டாம். சூடு செல்லைக் கெடுக்கும். பொட்டு உள்ள செல்லை வாங்குவதுதான் வழி.

முதல் தடவை போடும்போது

வாங்கி வந்த செல்லின் வோல்டேஜை முதலில் அளங்கள். புது செல் 3.6 முதல் 3.8 வோல்ட் வரை இருக்கும். 3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் திருப்பிக் கொடுங்கள். மேலே சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் உறையில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். செல்லின் உலோக உடம்பு முழுக்க நெகட்டிவ். பாசிட்டிவ் முனைக்கு ஒட்டினாற்போல உறை கிழிந்திருந்தால் டார்ச்சின் உலோகமே அங்கே ஷார்ட் செய்துவிடலாம்.

முழுதாக சார்ஜ் ஏற்றாமல், வந்த நிலையிலேயே டார்ச்சில் போடுங்கள். 4.2க்குப் பதில் 3.7 வோல்ட்டில் முதல் சோதனை நடப்பது டார்ச்சுக்கு நல்லது. மூடியைத் திருகுவதற்கு முன், மேலே சொன்ன முறையில் மீட்டரை வைத்து கரன்ட்டைப் பாருங்கள். லோ மோடு குறைவாகவும் ஹை மோடு அதிகமாகவும் வந்தால் டிரைவர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எல்லா மோடிலும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால் கரன்ட் நேர்வழியில் பாய்கிறது என்று அர்த்தம். கொள்ளளவு 800 மில்லிஆம்பியர் மணி உள்ள சாதாரண செல்லிலிருந்து 1.5 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து இழுப்பது அதற்கு நல்லதில்லை. அந்த டார்ச்சுக்கு 14500 வேண்டாம் என்றே சொல்வேன்.

கரன்ட் ஒழுங்காக இருந்தால் மூடியைத் திருகி ஹை மோடில் எரியவிட்டு, டார்ச்சைக் கையிலேயே வைத்திருங்கள். மேஜையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். எல்இடிக்குப் போகிற 5 வாட்டில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியே வரும். விரல் நீள அலுமினியக் குழாய்க்கு அது அதிகம். காற்றும் கையும் வாங்கிக்கொள்கிற வெப்பத்தைக் கழிக்காமல் பார்த்தால் ஐந்தாறு நிமிடத்தில் 20 டிகிரி ஏறிவிடும். சித்திரை மாத வெயிலில் அறையே 35 டிகிரியில் இருந்தால் டார்ச் 55ஐ எட்டும், செல்லும் அதோடு சேர்ந்து சூடாகும். பிடிக்க முடியாத சூடு வந்தால் அணைத்துவிடுங்கள். ஹை மோடை ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் பயன்படுத்த, மற்ற நேரம் மீடியத்தில் வைக்க என்று பழகிக்கொள்வதுதான் இந்த டார்ச்களுக்குப் பொருந்தும்.

மேல் எல்லையைவிடக் கீழ் எல்லைதான் ஆபத்து

4.2 வோல்ட் டார்ச்சை எரித்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். டார்ச் எரிந்தால் சில நூறு ரூபாய் போகும், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய ஆபத்து சத்தமில்லாமல் மறுமுனையில் நடக்கிறது.

ஏஏ செல்லுக்காகச் செய்த டிரைவர் 0.9 வோல்ட் வரைக்கும் செல்லை உறிஞ்சும். அதன் வேலையே அதுதான். லித்தியம் அயான் செல்லுக்கு 2.5 வோல்ட்தான் தரை. அதற்கும் வெகு கீழே போனால் உள்ளே நெகட்டிவ் பக்கத்தில் இருக்கிற செம்புத் தகடு கரையத் தொடங்கும். கரைந்த செம்பு மறுபடி சார்ஜ் ஏற்றும்போது வேறு இடத்தில் படிந்து, செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஏற்படுத்தலாம். அதாவது நேற்று டார்ச்சில் முழுதாக வற்றவிட்ட செல், இன்று சார்ஜரில் இருக்கும்போது பிரச்சினை செய்யும்.

எனவே, பாதுகாப்பு சர்க்யூட் உள்ள செல். அது வெட்டினால் டார்ச் மங்காமல் சட்டென்று அணையும். இருட்டில் அது தொல்லைதான், அதனால் கூட இன்னொரு செல் வைத்திருங்கள். பாதுகாப்பு இல்லாத செல் என்றால் வெளிச்சம் குறைவதாகக் கண்ணுக்குத் தெரிந்தவுடன் எடுத்துவிட வேண்டும். அளந்து பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு: எடுத்துச் சில நிமிடம் ஆறவிட்டு அளந்தால் 4.2 முழுசு, 3.7 ஏறக்குறைய பாதி, 3.5 வந்தால் சார்ஜ் ஏற்றும் நேரம். 2 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லை மறுபடி உயிர்ப்பிக்கிற வித்தைகள் நிறைய சொல்வார்கள். செய்யாதீர்கள், மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

சார்ஜ் ஏற்றுவது

நிக்கல் செல் சார்ஜரில் 14500 போகும், பொருந்தும், விளக்கும் எரியலாம். ஒருபோதும் போடாதீர்கள். லித்தியம் செல்லை எப்போது நிறுத்த வேண்டும் என்று அந்த சார்ஜருக்குத் தெரியாது. லித்தியம் அயான் சார்ஜர் முதலில் நிலையான கரன்ட் கொடுத்து 4.2 வோல்ட் வரை ஏற்றி, அப்புறம் அந்த வோல்டேஜிலேயே பிடித்துக்கொண்டு கரன்ட்டை மெல்லக் குறைத்து நிறுத்தும். 0.05 வோல்ட்டுக்கு மேல் தாண்டக் கூடாது என்கிற அளவுக்கு அது நுணுக்கமான வேலை.

கரன்ட்டும் முக்கியம். கொள்ளளவில் பாதி என்பது பொதுவான அளவு. 800 செல்லுக்கு 400 மில்லிஆம்பியர். 18650க்காகச் செய்த பல சார்ஜர்கள் 1 ஆம்பியர் தள்ளும். சின்ன செல்லுக்கு அது அதிகம். 250 அல்லது 500 என்று தேர்ந்தெடுக்கிற வசதி உள்ளதை வாங்குங்கள். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் மலிவாகக் கிடைக்கிற டிபி4056 போர்டை வைத்துத் தாங்களே சார்ஜர் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது 1.2 கிலோஓம் ரெசிஸ்டரோடு வந்தால் 1 ஆம்பியர் கொடுக்கும். அந்த இடத்தில் 3 கிலோஓம் வைத்தால் 400 மில்லிஆம்பியர் ஆகும்.

டார்ச்சிலேயே யூஎஸ்பி துளை இருந்தால், உள்ளே இருப்பது 14500 என்று உறுதி செய்துவிட்டு ஒயரைச் சொருகுங்கள். ஆல்கலைன் செல்லை உள்ளே வைத்துக்கொண்டு சார்ஜ் போடக் கூடாது. நல்ல டார்ச்கள் அதைக் கண்டுபிடித்து மறுத்துவிடும், ஆனால் அதை நம்பிப் பழகுவது நல்லதில்லை. படுக்கை, சோபா, திரைச்சீலை பக்கம் சார்ஜ் செய்யாமல் டைல்ஸ் தரையிலோ சமையல் மேடையிலோ வையுங்கள். தூங்கும்போது சார்ஜில் விடாதீர்கள். மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால் முழு சார்ஜில் வைக்காமல் 3.7 வோல்ட் பக்கம் வைத்தால் செல் நீடிக்கும்.

ஒரு செல்லுக்கு மேல் போடுகிற டார்ச்

இங்கே ஆபத்து கூடுகிறது. இரண்டு ஏஏ செல் டார்ச்சுக்கு மொத்தம் 3 வோல்ட். இரண்டு 14500 போட்டால் 8.4 வோல்ட். பழைய குண்டு பல்பு டார்ச்சாக இருந்தால் இழை அந்த நொடியே அறுந்துவிடும். எல்இடி டார்ச்சாக இருந்தால் டிரைவர் போகும். ஒரு 14500, பக்கத்தில் இன்னொரு செல்லின் இடத்தை அடைக்கிற வெறும் உலோக டம்மி என்று போடுகிற வழி உண்டு. அப்போது மொத்தம் 4.2 வோல்ட். சில எல்இடி டார்ச்கள் இதைத் தாங்கும், குண்டு பல்பு சீக்கிரமே கருகும். இங்கே 3.2 வோல்ட் இரும்பு பாஸ்பேட் செல்லும் டம்மியும் போடுவது நல்ல யோசனை. இரண்டு ஏஏ செல் கொடுக்கிற வோல்டேஜுக்கு அது மிக அருகில் இருக்கிறது, ரசாயனமும் மற்ற லித்தியம் அயான் வகைகளைவிட நிதானமானது.

மூன்று ஏஏஏ செல்லைச் சின்னக் கூண்டில் அடுக்கிப் போடுகிற மலிவு டார்ச்களில் மொத்தம் 4.5 வோல்ட். அந்தக் கூண்டை எடுத்துவிட்டு ஒரு 18650ஐ பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்துப் பலர் போடுகிறார்கள். வோல்டேஜ் 4.2 என்பதால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஆனால் அந்த டார்ச்சில் கரன்ட்டைக் கட்டுப்படுத்தியதே ஏஏஏ செல்களின் உள்மின்தடைதான் என்றால், தடை குறைந்த 18650 அதிக கரன்ட்டைக் கொடுத்து எல்இடியைச் சூடாக்கும். இதையும் அளந்து பார்த்தே முடிவு செய்யுங்கள். மூன்று 10440 செல்லை அந்தக் கூண்டில் போட்டால் 12.6 வோல்ட். நினைக்கவே கூடாது. 10440 செல்லைத் தனியாகப் பயன்படுத்துவதிலும் எனக்கு உடன்பாடில்லை. கொள்ளளவு 350 மில்லிஆம்பியர் மணி அளவில்தான் இருக்கும், அதிலிருந்து டார்ச் 1 ஆம்பியர் இழுப்பது அந்தக் குட்டி செல்லைக் கொடுமைப்படுத்துவது.

தொடராக இரண்டு லித்தியம் செல் போடுகிற டார்ச்சில் இன்னொரு ஆபத்து, ஒன்று முன்னே தீர்ந்துபோய், மற்றது அதன் வழியாகத் தலைகீழ் கரன்ட்டைத் தள்ளுவது. அப்படிச் சூடாகும் செல் வாயுவைக் கக்கும். தண்ணீர் புகாத ரப்பர் வளையம் போட்டு இறுக்கிய டார்ச்சில் அந்த வாயுவுக்கு வெளியேற வழியில்லை, குழாய் வெடிக்கும். தொடராகப் போட வேண்டியிருந்தால் ஒரே கம்பெனி, ஒரே வயது, ஒரே வோல்டேஜில் உள்ள ஜோடியை மட்டும் போடுங்கள். பழசும் புதுசும் கலக்காதீர்கள். முடிந்தால் ஒரு செல் டார்ச்சோடு நின்றுகொள்ளுங்கள்.

வீட்டில் வைத்திருப்பது

14500 ஏஏ செல் போலவே இருப்பதால் வீட்டில் மற்றவர்கள் தெரியாமல் எடுத்துச் சுவர்க் கடிகாரத்திலோ டிவி ரிமோட்டிலோ குழந்தையின் பொம்மையிலோ போட்டுவிடுவார்கள். ரிமோட்டில் இரண்டும் போனால் 8.4 வோல்ட். செல்லைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டி, '3.7 வோல்ட், டார்ச்சுக்கு மட்டும்' என்று எழுதி, தனி டப்பாவில் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வீட்டில் எல்லோரிடமும் ஒரு தடவை சொல்லியும் வையுங்கள். சட்டைப்பையில் சில்லறையோடும் சாவியோடும் போட்டுக்கொண்டு போகாமல் பிளாஸ்டிக் உறையில் கொண்டுபோங்கள். விமானத்தில் போனால் தனியாக வைத்திருக்கிற லித்தியம் செல் கைப்பையில்தான் இருக்க வேண்டும், கீழே போடுகிற பெட்டியில் வைக்க அனுமதி இல்லை.

உடம்பு உப்பியது, உறை உருகியது, சார்ஜில் வழக்கத்துக்கு மேல் சூடாவது, முழுதாக ஏற்றி வைத்தும் சில நாளில் வோல்டேஜ் தானே இறங்குவது, நகப்பூச்சு கழுவுகிற திரவம் மாதிரி இனிப்பான வாசனை வருவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த செல்லை அதற்குமேல் பயன்படுத்தாதீர்கள். இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தீப்பிடிக்கிற பொருள் இல்லாத இடத்தில் வைத்து, மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். இந்தியாவில் 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்ப எடுத்துக்கொள்கிற பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு, அதனால் விற்ற கடையிலேயே கேட்டுப் பார்க்கலாம். குப்பைத் தொட்டியில் மட்டும் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் அது அங்கே தீப்பிடிக்கும், அதைக் கையால் அள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள்.